அச்சு அசலாக அதேதான்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் ஒன்றொன்றாக வரும். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து வேலை பார்த்தவர் மேல் கோபமே வந்ததில்லை என்று யாராவது சொன்னால், ஒன்று அவர் பொய் சொல்கிறார், அல்லது அந்த ஆபீஸில் வேலையே நடக்கவில்லை. எல்லோருக்கும் அவர் அக்கா. என்னைவிட மூத்தவர்தானா என்று நான் விசாரித்ததில்லை. எல்லோரும் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன்.

எங்கள் ஆபீஸ் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. முகூர்த்த நாட்களில் கெட்டிமேளம் கேட்டதும், வெளிநாட்டு ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பவர்கள் அவசரமாக மைக்கை அணைத்துவிட்டு, எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். மத்தியானம் கீழேயிருந்து சாம்பார் வாசனை ஏறி வந்தால் கையில் இருக்கும் டிபன் பாக்ஸைத் திறக்கவே மனசு வராது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை என்று பலரும் தங்கள் ஆட்களுக்கு மின்னஞ்சல் அனுப்பப் பயன்படுத்தும் மென்பொருள் எங்களுடையது. அது எங்கே உடையும் என்று தட்டிப் பார்ப்பது என் வேலை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதி வைப்பது அக்காவின் வேலை.

எழுதுகிறவர் என்றேனே தவிர, அவர் எதையும் புதிதாக எழுதி நான் பார்த்ததில்லை. "பழசு ஒண்ணு இருக்கும்ல, அதை எடுங்க" என்பார். எதற்கும் அதுதான். பழையதைத் திறந்து, ஒரு நகல் எடுத்து, அங்கே இங்கே பெயரை மாற்றி அனுப்பிவிடுவார். வெற்றுப் பக்கத்தைத் திறந்தால் அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கைக்குட்டையால் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். லீவு கேட்கும் மெயிலைக்கூட யாராவது எழுதியதிலிருந்துதான் எடுப்பார். ஒருமுறை என்னுடையதை எடுத்து அனுப்பியதில், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று போய்விட்டது. அவருக்கு மாமியாரே இல்லை. மேனேஜர் நல்ல பிள்ளை, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா என்று மறுநாள் விசாரித்தான். அக்காவும் முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

வீடு கட்டிய கதை இதைவிடப் பெரிசு. அவருடைய அண்ணன் பேராவூரணியில் தென்னந்தோப்புக்கு நடுவில் ஒரு வீடு கட்டியிருந்தார். அதே வரைபடம், அதே கொத்தனார், அதே நீலப் பெயின்ட். தோப்புதான் இல்லை. அண்ணன் வீட்டில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஓலைச் சத்தமும் காற்றும் வரும். அக்கா வீட்டில் அதே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கும்.

"ஏன்க்கா, காத்து வருதா?" என்று கேட்டேன்.

"அண்ணன் வீட்ல நல்லா வரும்ங்க" என்றார்.

கிரகப்பிரவேசப் பத்திரிகையும் அண்ணனுடையதுதான். பெயரையும் தேதியையும் மாற்றியவர் பின்பக்கம் இருந்த வழித்தடப் படத்தை மாற்றவில்லை. எங்கள் அக்கவுன்டன்ட் படத்தைப் பார்த்தே குடும்பத்தோடு பேராவூரணி போய்ச் சேர்ந்து, பூட்டிய கதவின் முன்னால் குத்துவிளக்கும் கையுமாக நின்று போன் செய்தார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பந்தியில் சாப்பாடு இறங்கவில்லை. அக்காவும் சேர்ந்துதான் சிரித்தார். நல்ல மனுஷி. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, இப்போதும்.

அந்த வீட்டின் கூடத்துச் சுவரில்தான் முதலில் அந்தப் போட்டோவைப் பார்த்தேன். நாலைந்து வயதுப் பெண் குழந்தை, மஞ்சள் கவுன், கழுத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு. அக்காவின் ஒரே மகள் நிவேதா அப்போது அதே மஞ்சள் கவுனில் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். "படம் எடுத்து மாட்டி, அதே டிரஸ்ஸையே இன்னைக்கும் போட்டு விட்டிருக்கீங்க, அதுக்குள்ள இவ்வளவு வெளுத்துப் போச்சா படம்?" என்று கேட்டேன். வெயில் படும் சுவர் என்றார். நானும் விட்டுவிட்டேன்.

விஷயத்தை அவரே சொன்னது வேறொரு நாள், மத்தியானச் சாப்பாட்டின்போது, ரசத்தைப் பிசைந்துகொண்டே. சோகமாகச் சொல்லவில்லை. பஸ் மாறி வந்த கதையைச் சொல்வதுபோல் சொன்னார்.

"இவளுக்கு முன்னாடி ஒருத்தி இருந்தாங்க. ஐப்பசி மழையில காய்ச்சல். டெங்குன்னாங்க. ஆறு வயசு முடியல."

டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"கொண்டுபோறதுக்கு முன்னாடி எங்க அத்தை குதிகால்ல கண்மையில ஒரு பொட்டு வெச்சாங்க. எங்க பக்கத்துல வெப்பாங்க. திரும்பி வந்தா அடையாளம் தெரியணும்ல. இவ பொறந்தப்ப நர்ஸ்கிட்டேருந்து வாங்கி முதல்ல குதிகாலைத்தான் பாத்தேன். இருந்துச்சுங்க. அதே எடத்துல மச்சம்."

"அப்ப பேரு?"

"அவ பேரு நிவேதாதானே. அவதானே வந்திருக்கா."

கூடத்தில் மாட்டியிருந்தது முதல் குழந்தையின் படம். அது நீதான் என்று சின்னவளிடம் சொல்லி வளர்த்திருந்தார். மஞ்சள் கவுன் முதல் குழந்தையுடையது. அதே பள்ளிக்கூடம், அதே ரெட்டைப் பின்னல், பாட்டி வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்த அதே ஆத்திசூடி. அக்காவின் கணவர் மஸ்கட்டில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகும் அவருக்கும் இது சௌகரியமாகவே இருந்திருக்க வேண்டும். யாருக்கும் எதையும் மறுபடி பேச வேண்டியிருக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் எப்படித் துக்கப்பட வேண்டும் என்று சட்டம் போட நான் யார்? என் மகள் குத்துக்கல்லாட்டம் காலேஜுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறாள். எனக்கு என்ன தெரியும் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

வாயை மூடிக்கொள்ள முடியாத நாளும் வந்தது. மழை லீவு விட்டிருந்ததால் நிவேதாவை ஆபீஸுக்கு அழைத்து வந்திருந்தார். கீழே கல்யாணம். மண்டபத்துக்காரர் எங்களுக்கென்று ஒரு தட்டில் ஜாங்கிரி கொடுத்தனுப்பியிருந்தார். அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு ஜாங்கிரி புடிக்காது ஆன்ட்டி."

"சாப்ட்டுப் பாத்திருக்கியா?"

"இல்ல. புடிக்காது."

கண் மட்டும் தட்டை விட்டு நகரவில்லை. அக்கா திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல், பிரியமாகச் சிரித்துக்கொண்டே, "அவளுக்கு அப்பவே புடிக்காதுங்க" என்றார்.

அந்த 'அப்பவே' எனக்குச் சுருக்கென்று பட்டது. அந்தக் குழந்தை பிறப்பதற்கு முன்னாலேயே அதன் நாக்குக்கு என்ன ஆகாது என்று முடிவாகியிருந்தது. அன்றைக்குக் கழிப்பறைக்குப் போகிற சாக்கில் வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்ட வேண்டும்போலவும் அழ வேண்டும்போலவும் இருந்தது.

இதில் இன்னொன்றும் இருந்தது. நிவேதா அப்போது இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். மூத்தவள் வாழ்ந்த வயதைத் தாண்டியாயிற்று. இனி எடுத்துப் பார்க்கப் பழசு ஒன்றும் இல்லை. அக்கா தடுமாறியது எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது. வேலைக்கு நடுவே திடீரென்று, "உங்க பொண்ணு எட்டு வயசுல என்னங்க செஞ்சா?" என்பார். கீபோர்டு கிளாஸுக்குப் போனாள் என்று சொன்னேன். அடுத்த வாரமே நிவேதா கீபோர்டு கிளாஸில் சேர்ந்தாள். பேன் தொல்லைக்காக என் மகளுக்குக் கிராப் வெட்டிவிட்டதைச் சிரிப்புக்குச் சொன்னேன். திங்கட்கிழமை நிவேதா கிராப்போடு வந்து நின்றாள். அவளுக்குப் பேனே இல்லை. அதற்குப் பிறகு என் மகளைப் பற்றி வாயே திறக்கவில்லை நான். கேட்டால் மறந்துவிட்டது என்பேன். அவர் முகம் வாடிப்போகும், பார்க்கப் பாவமாக இருக்கும், இருந்தாலும் சொல்லமாட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் ஏஜென்ட் வேலை வந்தது. இனிமேல் எங்கள் மென்பொருளை மனிதர்கள் உட்கார்ந்து இயக்க வேண்டாம், செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டிடம் சொன்னால் அதுவே செய்யும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. ஏஜென்ட் என்றால் வேறொன்றும் இல்லை, சளைக்காத ஒரு வேலையாள். ஆனால் எழுதி வைத்ததைத்தான் படிக்கும். சந்தேகம் வந்தால் நாற்காலியைத் திருப்பிப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்காது. மென்பொருளில் அது எடுத்துப் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், என்ன செய்யாது என்று அதற்குப் புரியும்படி எழுத வேண்டியது அக்காவின் பொறுப்பு. முதலில் எடுத்த கருவி, மெயில் டெம்ப்ளேட்டை நகல் எடுப்பது. ஏற்கெனவே அமைத்து வைத்த ஒரு மெயிலை அப்படியே இன்னொன்றாக்கி, வாசகத்தை மாற்றிப் புதிய காரியத்துக்கு அனுப்பலாம்.

அக்காவுக்கென்றே செய்த கருவி என்று ஆபீஸே கேலி செய்தது. அவருக்கும் பெருமைதான். ஒரே மூச்சில் எழுதி முடித்தார். முதல் வாக்கியம் இது: மூலத்தில் இருப்பதெல்லாம் நகலிலும் இருக்கும், அச்சு அசலாக அதேதான்.

நான் தட்டிப் பார்த்தேன். அச்சு அசலாக அதே இல்லை. தலைப்பு வந்தது, வாசகம் வந்தது, படம் வந்தது. யாருக்கெல்லாம் அனுப்பக்கூடாது என்று மூலத்தில் போட்டு வைத்திருந்த ஃபில்டர் மட்டும் வரவில்லை. சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் எங்களிடம் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி இருந்தது. தடுப்பூசி நாள் வந்தால் பெற்றோருக்கு நினைவூட்டல் போகும். அந்த மெயிலில் இருந்த ஃபில்டர், தவறிப்போன குழந்தைகளின் வீடுகளுக்கு எதுவும் போகாமல் பார்த்துக்கொண்டது.

"ஃபில்டர் கூட வரலக்கா" என்றேன்.

"மூலத்துல இருக்கறது நகல்ல இல்லாம எப்படிங்க இருக்கும்?"

"எப்படின்னு கேட்டா? இல்ல. இந்தாங்க, பாருங்க."

பார்த்தார். திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "வரணுமேங்க" என்றார்.

"வரணும்தான். வரலையே."

மேனேஜர் வந்து கேட்டுவிட்டு, கருவியை அடுத்த தடவை சரி செய்துகொள்ளலாம், இப்போதைக்கு ஃபில்டர் வராது, தனியாகப் போடு என்று ஏஜென்ட்டுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள் அக்கா என்றான். ஒரே ஒரு வரி. அக்கா தலையை ஆட்டினார். ஆனால் எழுதவில்லை. நான் திரும்பத் திரும்பக் கேட்டபோது கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, "அப்படி எழுதுனா அது நகலே இல்லைன்னு ஆயிடுமேங்க" என்றார். குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. அக்கா இன்னும் எழுதவில்லை என்று மேனேஜருக்கு மெயில் போட்டேன். அவன் அதைத் திறந்தே பார்க்கவில்லை, எழுதியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தான். அந்த வரி இல்லாமலே கருவி வாடிக்கையாளர்களுக்குப் போய்விட்டது.

தை மாதம். ஊரைச் சுற்றி அறுப்பு. ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் வைக்கோல் தூசி வந்து கீபோர்டில் படியும். ஆஸ்பத்திரிக்காரர்கள் குழந்தைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப ஆசைப்பட்டு ஏஜென்ட்டிடம் சொன்னார்கள். அது சமர்த்தாகத் தடுப்பூசி மெயிலை நகல் எடுத்தது, வாசகத்தை மாற்றியது, பலூன் படம் போட்டது. அச்சு அசலாக அதேதான் என்று எழுதியிருந்ததால் ஃபில்டரைத் தேடவில்லை. அன்றன்றைக்குப் பிறந்தநாள் வரும் குழந்தைகளின் வீடுகளுக்கு வாழ்த்து போகத் தொடங்கியது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது மெயிலின் அடியில் போட்டிருக்கும் எங்கள் உதவி எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது. நானும் அக்காவும்தான் இருந்தோம். அக்கா எடுத்தார். பேசிக்கொண்டே தட்டச்சு செய்வதற்காக எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். எதிர்முனையில் ஓர் ஆண் குரல். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆசிரியராம். பின்னால் அறுப்பு மிஷின் ஓடும் சத்தம்.

"கோவப்படக் கூப்புடலைங்க. ஒரு தகவல் சொல்லலாம்னுதான்."

"சொல்லுங்க சார்."

"எங்க பையனுக்குப் பொறந்தநாள் வாழ்த்துன்னு ஒரு மெயில் வந்துருக்குங்க. பலூனெல்லாம் போட்டு. பையன் தவறி ரெண்டு வருஷம் ஆவுதுங்க. ஆஸ்பத்திரிக்கும் தெரியும், அவங்கதான் பாத்தாங்க."

அக்காவின் விரல்கள் நின்றுவிட்டன. மன்னிச்சுக்கங்க சார் என்று சொன்னார்.

"பரவால்லைங்க. மிஷின் அனுப்பிச்சிருக்கும், அதுக்கு என்ன தெரியும். நான் பாத்ததோட போவட்டும். பையனோட அம்மா போனுக்கு வந்துடாம பாத்துக்குங்க. அதுக்குத்தான் கூப்புட்டேன்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான் மேனேஜரைக் கூப்பிட எழுந்துவிட்டேன். அப்போது அக்கா கேட்டார்.

"சார், வேற குழந்தை இருக்கா?"

வேண்டாம் வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"இருக்குங்க. ஒரு பையன். இப்பதான் தவழறான்."

"அவனேதான் வந்திருப்பான் சார்."

மிஷின் சத்தம் தூரமானது, போனோடு தள்ளி நடந்திருக்க வேண்டும்.

"அப்படித்தாங்க எல்லாரும் சொன்னாங்க. எங்க அம்மாகூட அந்தப் பேரையே வைக்கச் சொன்னாங்க."

"வெச்சீங்களா?"

"இல்லைங்க."

"ஏன் சார்?"

"அது அவன் பேருங்க." பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவரின் நிதானத்தோடு சொன்னார். "இவனுக்கும் அதையே வெச்சா, கூப்புடறப்ப நான் யாரைக் கூப்புடறேன்னு எனக்கே தெரியாதுங்களே. அவனுக்காக அழவும் முடியாது. இவனை நேரா பாக்கவும் முடியாது."

நான் அக்காவைப் பார்த்தேன். அவருடைய முகத்தை வர்ணிக்க எனக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் செய்யமாட்டேன். சரிங்க சார் என்றார். போனை வைத்தார். எழுந்து போய்க் குடிதண்ணீர்க் குழாயைத் திறந்து, டம்ளர் நிரம்பி வழிந்த பிறகும் பிடித்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு ஆபீஸ் அல்லோலகல்லோலப்பட்டது. வாழ்த்துகளை நிறுத்தினோம். வேறு இரண்டு மூன்று வீடுகளுக்கும் போயிருந்தது. மேனேஜர் ஒவ்வொருவருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டான். ஒரு தாய் திட்டிய திட்டை வாங்கிக்கொண்டு பாவம் பிள்ளை பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். அக்காவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன், எவ்வளவோ நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவர் அன்றைக்குச் சாயங்காலமே வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து உட்கார்ந்திருந்தார். பழசை எடுக்கவில்லை. உள்ளங்கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து எழுதினார். அதைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை.

அவர் புதிதாக எழுதிய குறிப்பை நான்தான் முதலில் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: நகல் என்பது மூலம் அல்ல. மூலத்தைப் பார்த்துச் செய்த வேறொன்று. யாருக்குப் போகக்கூடாது என்ற ஃபில்டர் இதற்கு வராது, தனியாகப் போடவும். நகல் எடுத்தபின் அதை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் முதல் வரியிலிருந்து படிக்கவும். மூலத்தை மனதில் வைத்துக்கொண்டு நகலைப் படிக்க வேண்டாம்.

குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏஜென்ட் அதற்குப் பிறகு ஒரு தப்பும் செய்யவில்லை. எழுதி வைத்ததை அது அப்படியே கேட்டது. மனிதர்கள் விஷயத்தில் அப்படி நடக்குமா?

மாசி மாதத்தில் ஒருநாள், "சொல்லிட்டேங்க" என்றார். எதை என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"எப்படிச் சொன்னீங்க?"

"படத்தை இறக்கி மடியில வெச்சு, இது நீ இல்லம்மா, உனக்கு ஒரு அக்கா இருந்தான்னு சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம், என் கவுனை ஏம்மா அவ போட்டுருக்கான்னு கேட்டா."

சிரிக்க முயன்றார், வரவில்லை. நிவேதா அதற்குப் பிறகு தன் அறையில் தனியாகத் தூங்க மறுக்கிறாள் என்றார். பள்ளிக்கூடத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில சமயம் திரும்புவதில்லையாம். நான் செஞ்சது சரிதானுங்களா என்று கேட்டார். சரிதான் என்றேன். எனக்கு நிச்சயமில்லை. பொய்யிலாவது அந்தக் குழந்தை நிம்மதியாக இருந்ததே என்று ஒரு நினைப்பு ஓடியது, அதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

கோடை விடுமுறையோடு அக்கா வேலையை விட்டுவிட்டார். பிள்ளையோடு இருக்கப் போகிறேன் என்றார். பிறகு அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ஜவுளிக்கடையில் குழந்தைகள் உடுப்புப் பகுதியில், அவரும் நிவேதாவும். முடி வளர்ந்து தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. நல்ல வளர்த்தி. என்னைப் பார்த்ததும் அக்காவுக்கு ஒரே சந்தோஷம், கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு நான் வாயே தொறக்கறதில்லைன்னு வந்துருக்கேங்க. அவளா எடுக்கறதுதான்" என்றார். பிறகு மகளிடம் குனிந்து, "உனக்குப் புடிச்சதை எடும்மா. எதுன்னாலும் சரி" என்றார்.

விற்பனைப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பாவாடை சட்டை, கவுன், ஜீன்ஸ். நிவேதா ஒன்றைத் தொடுவாள், உடனே நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அக்கா சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அவள் கையை எடுத்துவிடுவாள். அடுத்ததைத் தொடுவாள், மறுபடி பார்ப்பாள். இப்படியே துணி மலைபோல் குவிந்துவிட்டது. அவளுக்கு உதடு துடிக்க ஆரம்பித்தது. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி முணுமுணுத்தார்கள்.

கடைசியில் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு எதும்மா புடிக்கும்?"

அக்கா திரும்பிப் பார்த்தார். அந்தக் குவியலுக்கு முன்னால் அப்படியே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதும்மா."

நிவேதா மிரண்டுபோய் அவரையே பார்த்தாள்.

"அப்ப யாருக்கும்மா தெரியும்?" என்றாள்.